வடக்குச் சுவரில் யன்னல் இல்லை

என் தங்கையின் வீட்டுக்குக் காற்று வருமா என்று பார்க்க வந்தவர்கள் பத்தரை மணி பஸ்ஸில் மண்கும்பானில் இறங்கினார்கள். சித்திரை மாதத்தின் கடைசி வாரம். பனைகளில் ஓர் ஓலையும் அசையவில்லை. இதை நிச்சயமாகச் சொல்ல முடியும். காலை ஆறு மணியிலிருந்து நான் வேறெதையும் பார்க்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதற்கு முன்பே வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிவிடுவார்கள். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை வந்து குடியிருப்பது பெண்ணின் சீதன வீட்டில்தான். ஆகையால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்க்கும் அதே கண்ணால் வீட்டையும் பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார்கள். கதவு நிலையைத் தட்டிப் பார்ப்பார்கள். காற்றைப் பார்க்க வந்தவர்களை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

தங்கைக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வேலணையில் ஒரு பாடசாலையில் எட்டாம் வகுப்புக்குப் பொது விஞ்ஞானம் படிப்பித்தாள். அதற்கு முன்பு இரண்டு சம்பந்தங்கள் குழம்பியிருந்தன. ஒன்று சாதகத்தில் குழம்பியது. மற்றது ஏன் குழம்பியது என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது சுருவிலில் இருந்து வந்தது. மாப்பிள்ளை தெற்கே ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். கோயிலில் வைத்து ஒருமுறை தூரத்தில் கண்டிருக்கிறாள். எதையும் வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அந்த முறை மட்டும், நான் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அருகே வந்து நின்று, "இது சரிவந்தால் நல்லது, அண்ணை" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

சாதகம் பொருந்திவிட்டது. தரகர் ஒரு கேள்வியோடு மட்டும் திரும்பி வந்தார்.

"காணி, வீடு எல்லாம் அவைக்குத் திருப்தி. மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் தொய்வு இருக்கு. மூச்சு இழுக்கும். வீட்டிலை காத்தோட்டம் எப்பிடி எண்டு கேக்கினம். ரெண்டு கிழமையிலை தமக்கை வந்து பாப்பா."

அம்மா என்னைப் பார்த்தார். வீட்டைக் கட்டியது நான்.

அப்பா தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தார். வருடத்தில் இரண்டு தடவை வருவார். வீட்டுக்குக் கொங்கிறீற் மேற்தளம் போடவேண்டும், அங்கே பெரிய கட்டடங்களுக்கெல்லாம் அப்படித்தான் போடுகிறார்கள் என்று கடிதம் எழுதினார். மற்றதெல்லாம் என் பொறுப்பு. நான் யாழ்ப்பாண நகரில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியன். தினமும் பிற்பகல் கொழும்பிலிருந்து தொலைபேசியில் வானிலை வரும். அதைக் கேட்டு எழுதி அச்சுக்குக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. தாழமுக்கம், உயரமுக்கம், வளிமண்டலம் என்றெல்லாம் மூன்று வருடங்களாக எழுதியிருந்தேன். ஒன்றிலும் பிழை விடவில்லை. ஒன்றும் விளங்கியதுமில்லை.

வீடு கட்டத் தொடங்கியபோது, விளங்கிக்கொள்ள வேண்டும் என்று தங்கையின் பாடப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். விஞ்ஞானம் தமிழில் வரத் தொடங்கிய காலம். புத்தகம் புதிது, சொற்களும் புதிது. வெப்பம் மூன்று வழியில் செல்லும் என்று இருந்தது. கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். பக்கத்தில் ஒரு படம். இடது பக்கம் கடல், வலது பக்கம் தென்னை மரம் நிற்கும் நிலம். பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்றும் சூடாகி, இலேசாகி, மேலே எழும்புகிறது. அந்த இடத்துக்குக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நான்கு அம்புக்குறிகள் ஒன்றின் பின் ஒன்றாக வட்டமாய்ச் சுற்றி வந்தன. எனக்கு அது ஒரு நல்ல செய்தியைப் போல் இருந்தது. யார், எங்கே, எப்போது, ஏன் என்ற எல்லாவற்றுக்கும் அதில் பதில் இருந்தது.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வீட்டின் யன்னல்கள் எல்லாவற்றையும் தெற்கே வைத்தேன். எங்களுக்குத் தெற்கே கடல், நானூறு யார் தூரத்துக்குள்.

தங்கை படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அண்ணை, படத்திலை ஒரு கடல்தான் இருக்கு. எங்களுக்கு ரெண்டெல்லோ?"

"வடக்கிலை இருக்கிறது பரவைக் கடல். முழங்கால் தண்ணி. அதைக் கடல் எண்டு எடுக்கேலாது."

"அப்ப நிலமெண்டு எடுக்கிறதோ?"

பங்குனி வெயிலில் பரவைக் கடலில் கால் வைத்தவர்களுக்குத் தெரியும், தண்ணீரும் மணலைப் போலச் சுடும். அது சூடானால் அதன் மேலுள்ள காற்றும் எழும்ப வேண்டும். அப்படியானால் தெற்குக் கடலின் காற்று எங்கள் வீட்டோடு நிற்காமல் பரவைக் கடலுக்கும் போக வேண்டும். அல்லது இரண்டு பக்கத்துக் காற்றும் எங்கள் முற்றத்தில் வந்து முட்டிக்கொள்ள வேண்டும். நாலு பக்கமும் தண்ணீர் உள்ள தீவில் கடற்காற்று எந்தக் கடலிலிருந்து வரும்? புத்தகத்தில் தீவு இல்லை.

கிழக்கும் மேற்கும் வெயில் அடிக்கும் பக்கங்கள். கதிர்வீசலைத் தடுக்க வேண்டும் என்று அந்தச் சுவர்களிலும் நான் யன்னல் வைக்கவில்லை. வடக்குச் சுவரைப் பற்றி யோசிக்கும் பொறுப்பை அம்மா எனக்குத் தரவில்லை. வடக்கே பெரியப்பாவின் வளவு. வேலியை ஒரு சாண் நகர்த்தியது யார் என்பதில் இரண்டு வீட்டுக்கும் எட்டு வருடமாகப் பேச்சு இல்லை.

"அந்தப் பக்கம் யன்னல் வேண்டாம்" என்றார் அம்மா. "நாங்கள் உடுக்கிறதும் உண்ணிறதும் அவைக்கு என்னத்துக்கு?"

"உயரத்திலை சின்ன ஓட்டையள் வைக்கலாம், அம்மா. ஆரும் எட்டிப் பாக்கேலாது."

"குருவி போற ஓட்டையும் வேண்டாம்."

மேசன் கேட்டுக்கொண்டு நின்றார். அம்மா போன பிறகு சாந்தகப்பையைக் கீழே வைத்தார்.

"தம்பி, காத்து உள்ளுக்கு வந்தால் வெளியாலை போக ஒரு வழி வேணும். வந்து என்ன செய்யிறது, கதிரையிலை குந்தியிருக்கிறதோ?"

நான் அவருக்கு மேற்காவுகையை விளக்கினேன். சூடான காற்று மேலே ஏறும், தெற்கு யன்னல்களுக்கு மேலே வைத்த துவாரங்களால் போய்விடும், கீழே யன்னலால் குளிர்ந்த காற்று வரும், ஒரு பக்கச் சுவரே போதும் என்றேன். முழுவதும் கேட்டார்.

"அப்ப வாற காத்தும் போற காத்தும் ஒரே வழியாலை. வாசலிலை கண்டு கதைக்கும்" என்று சொல்லிவிட்டு வடக்குச் சுவரை எழுப்பப் போனார்.

வடக்கே வெளியே திறந்திருந்தது ஒன்றே ஒன்று, குசினியின் புகைக்கூடு. அம்மா அதை மறுக்கவில்லை. புகை பெரியப்பா வளவுக்குப் போவதில் அவருக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

வீடு மாசியில் முடிந்தது. அப்போது கொண்டல் வீசியது. கிழக்கிலிருந்து வரும் காற்று. என் யன்னல்களைக் கவனிக்காமல் வீட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பங்குனி முடிய அதுவும் நின்றுவிட்டது. அத்திவாரத்துக்கு நெடுந்தீவிலிருந்து முருகைக்கல் கொண்டுவந்த வள்ளக்காரர் ஒருவர் அந்த நாட்களில் எங்கள் கரையில் வள்ளத்தைக் கட்டிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். நான் என் குறிப்புப் புத்தகத்தோடு போய்க் கேட்டேன்.

"கொண்டல் செத்துப் போச்சு. சோளகம் இன்னும் பிறக்கேல்லை. இந்த இடைவெளியிலை நாங்கள் பாயை விரிச்சுப் படுக்கிறதுதான், ஏத்திறதில்லை."

"ஏன் அப்பிடி நிக்குது?"

"தம்பி, காத்து எங்கையிருந்து வருமெண்டு கேளும், சொல்லுறன். ஏன் வருதெண்டு அதிட்டைத்தான் கேக்கவேணும்."

அதில் எனக்குப் புதிய குழப்பம் ஒன்று ஏற்பட்டது. கடலில் போகிறவர்கள் காற்று வரும் திசையைப் பார்க்கிறார்கள். வாடை வடக்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, சோளகம் தென்மேற்கிலிருந்து. புத்தகமோ போகும் இடத்தைப் பார்க்கச் சொன்னது. எங்கோ தூரத்தில் நிலம் சூடாகி அமுக்கம் குறைகிறது, அதனால் இங்கே காற்று புறப்படுகிறது. அப்படியானால் காற்றுக்குக் காரணம் பின்னால் இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா? பின்னால் இருப்பது தள்ளுகிறதா, முன்னால் இருப்பது இழுக்கிறதா? தங்கையிடம் கேட்டேன். புத்தகத்தில் "வருகிறது" என்று மட்டும்தான் போட்டிருக்கிறது என்றாள்.

தரகர் வந்து போன மறுநாள் நான் வீட்டுக்குள் காற்றைத் தேடத் தொடங்கினேன். அச்சகத்தில் கடதாசியை வெட்டும்போது விழும் ஓரத்துண்டுகள் இருக்கும், விரல் அகலத்தில். ஏழு துண்டுகளைத் தையல் நூலில் கட்டி, மண்டபத்திலும் இரண்டு அறைகளிலும் தொங்கவிட்டேன். மணிக்கொரு தடவை பார்த்து எழுதினேன்.

"என்னண்ணை, தோரணம் கட்டுறியளோ? இன்னும் ஒண்டும் முற்றாகேல்லை" என்றாள் தங்கை.

கடதாசிகள் தூக்கில் தொங்குவதுபோல் தொங்கின. எட்டு மணி, அசைவில்லை. ஒன்பது மணி, அசைவில்லை. யன்னலோரத்தில் தொங்கிய துண்டு மட்டும் சிலவேளை கொஞ்சம் உள்ளே வந்து, கொஞ்சம் வெளியே போகும். மேசன் சொன்னபடி வாசலில் நின்று கதைத்தது.

மேற்தளத்தையும் பார்த்தேன். நண்பகலில் மேலே ஏறினால் கால் வைக்க முடியாது. ஏணி வைத்துக் கீழ்ப்பக்கத்தைத் தொட்டால் கை சுடாது. மாலை ஐந்து மணிக்கு மேலே நிற்கலாம், கீழே கை சுட்டது. பகலில் வாங்கிய வெயிலை அது மெதுவாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. மேலே ஏறிப் போகும் என்று நான் நம்பிய சூடு மேலிருந்து கீழே வந்துகொண்டிருந்தது. அதுவும் புத்தகத்தில் உள்ள விதிதான், கடத்தல். ஒரே வீட்டில் மூன்று விதிகளும் ஒன்றையொன்று கவனிக்காமல் வேலை செய்தன.

ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. குசினியிலிருந்து முற்றத்துக்குத் திறக்கும் மேற்குக் கதவால் ஓர் ஆடு திரும்பத் திரும்ப உள்ளே வந்தது. தங்கை சலித்துப்போய் அந்தக் கதவைச் சாத்தினாள். அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது.

"அண்ணை, ஓடி வாங்கோ! உங்கடை கடுதாசி ஆடுது."

மண்டபத்தின் நடுவில் தொங்கிய துண்டு சரிந்து நின்றது. ஆடவில்லை, சரிந்து நின்றது, குசினிப் பக்கமாக. நான் மேற்குக் கதவைத் திறந்தேன். துண்டு நேரானது. சாத்தினேன். மறுபடி சரிந்தது. அடுப்புச் சூட்டில் குசினிக் காற்று புகைக்கூட்டால் மேலே போகிறது. அந்த இடத்துக்கு முற்றத்துக் கதவால் காற்று வர முடியாதபோது மண்டபத்தால் வருகிறது, மண்டபத்துக்குத் தெற்கு யன்னலால் வருகிறது. புத்தகத்துப் படம் எங்கள் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. கடல் இருந்த இடத்தில் மண்டபம், நிலம் இருந்த இடத்தில் அடுப்பு.

அடுப்பைத் தண்ணீர் ஊற்றி நூர்த்துப் பார்த்தோம். புகைக்கூட்டின் கல் சூடாக இருக்கும்வரை கடதாசி சரிவாகவே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்கியது. முழுதாக நிற்க இருபது நிமிடம் சென்றது. குறித்துக்கொண்டேன்.

"அவை வாற அண்டைக்கு அடுப்பு எரியட்டும்" என்றேன். "முத்தத்துக் கதவைச் சாத்திவிடு."

"அப்ப சாகும் மட்டும் நான் அடுப்பை மூட்டிக்கொண்டு இருக்கவேணும், அவருக்கு மூச்சு வர."

"அது பிறகு பாப்பம். ஒரு நாளைக்கு."

"பொய்யெல்லோ அண்ணை?"

"என்ன பொய்? காத்து காத்துதானே. நாங்கள் ஒண்டும் சொல்லப் போறதில்லை. அவை இருந்து பாக்கட்டும்."

பத்திரிகையில் வேலை செய்தால் இப்படியான பதில்கள் சுலபமாக வரும். அவள் சோற்றை வடித்தாள்.

அப்படித்தான் அன்றைய நாள் வந்தது. மாப்பிள்ளையின் தமக்கை நல்ல பருத்த பெண்மணி. பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடந்த தூரத்தில் சட்டை முதுகு நனைந்திருந்தது. கையில் சொந்தமாக ஒரு பனையோலை விசிறி. காற்றுப் பார்க்க வந்தவர் காற்றையும் கொண்டு வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். கூட வந்த அவருடைய கணவர் றெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குறைவாகப் பேசுபவர். சம்பந்தம் முடிவாக முன்பு சாப்பாடு வேண்டாம், தேத்தண்ணி போதும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அடுப்பு எரிய அது போதிய காரணம். தங்கை உள்ளே நின்றாள். முற்றத்துக் கதவு சாத்தியிருந்தது.

கடதாசித் துண்டுகளையெல்லாம் நான் முதல் நாளே அவிழ்த்திருந்தேன். மண்டபத்து நடுவில் ஒன்று தப்பிவிட்டது. றெயில்வேக்காரர் அதற்கு நேர் கீழே கதிரையில் இருந்து, மேலே பார்த்தார்.

"உதென்ன தம்பி, பேய்க்குக் கட்டினதோ?"

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். துண்டு அழகாகச் சரிந்து நின்றது. தமக்கை விசிறிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் விசிறும் வேகம் குறைந்தது. பிறகு விசிறியை மடியில் வைத்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து. அம்மாவும் விசிறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காத்து வருதுதான்" என்றார் தமக்கை. பிறகு சுற்றிப் பார்த்தார். "வடக்கிலை ஏன் ஒரு யன்னலும் இல்லை?"

அம்மா சீலைத் தலைப்பைச் சரி செய்தார். நான் பேசத் தொடங்கினேன். வளிமண்டலத்திலிருந்து தொடங்கியது இன்றும் நினைவிருக்கிறது. கடற்காற்று, நிலக்காற்று, மேற்காவுகை என்று போய்க்கொண்டிருந்தேன். றெயில்வேக்காரர் கண்ணை மூடினார். கேட்பதற்காக மூடினாரா என்று தெரியவில்லை. அப்போது தங்கை தேத்தண்ணித் தட்டத்தோடு வந்தாள். தட்டத்தை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, இது அடுப்பு இழுக்கிற காத்து. குசினியிலை நெருப்பு எரியுது, முத்தத்துக் கதவு சாத்திக் கிடக்குது. அதாலைதான் வருது. நெருப்பு நூந்தால் நிண்டுடும். தொய்வுக்காரருக்கு இதை மறைக்கக் கூடாது."

அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. தமக்கை என்னையும் அம்மாவையும் பார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தார்.

"அடுப்பு எரியாத வீடு எங்கை பிள்ளை இருக்கு?"

றெயில்வேக்காரர் கண்ணைத் திறந்தார். "இல்லை, நூத்துப் பாப்பம்" என்றார்.

தங்கை உள்ளே போனாள். தண்ணீர் ஊற்றும் சத்தமும் நெருப்பு சீறும் சத்தமும் கேட்டன. வந்து கதவோரம் நின்றாள். நாங்கள் ஐந்து பேரும் ஒரு கடதாசித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது சரிந்து நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கல் இன்னும் சூடு, இறங்கும் என்று எனக்குள் கணக்குப் பார்த்தேன். இருபது நிமிடம் கடந்தது. கடதாசி இறங்கவில்லை. இருபத்தைந்தாவது நிமிடத்தில் அது முன்பைவிடக் கூடுதலாகச் சரிந்தது.

றெயில்வேக்காரர் தேத்தண்ணியை முடித்துக் கோப்பையை வைத்தார்.

"பிள்ளை, வீட்டைப் பற்றிப் பொய் சொல்லுறதெண்டால் நல்லதாய்ச் சொல்லுறதுதான் வழக்கம். நீர் மாறிச் சொல்லுறீர்."

"நான் பொய் சொல்லேல்லை" என்றாள் தங்கை. "ஞாயிற்றுக்கிழமை நிண்டது. அண்ணையைக் கேளுங்கோ."

"நிண்டது" என்றேன். "இருபது நிமிசத்திலை."

இருவரும் கிணற்றைப் பார்த்தார்கள், ஒரு மணி பஸ்ஸில் போய்விட்டார்கள். தமக்கை விசிறியைக் கதிரையில் மறந்துவிட்டார்.

நான் வெளியே வந்து பனைகளைப் பார்த்தேன். கரையோரப் பனை ஒன்றின் உச்சியில் ஓலைகள் அசைந்தன. வீட்டுக்கு அருகே நின்ற பனையில் அசைவில்லை. கடலில் தெற்கே ஒரு கருநிறக் கோடு தெரிந்தது, காற்றுப் பட்ட தண்ணீரின் நிறம். அல்லது அது ஆழத்தின் நிறம். வள்ளக்காரரைத் தேடிக் கரைக்குப் போனேன். வள்ளம் இல்லை. எப்போது பாய் ஏற்றினார் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மாலையில் மணல் பறக்கத் தொடங்கியது. சோளகம். மறுநாள் நான் நகரத்தில் அலுவலகத்தில் இருந்தபோது வழக்கம்போல் வானிலை வந்தது. தென்மேல் பருவக்காற்று தொடங்க இன்னும் ஒரு வாரமாகலாம் என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

அன்று எங்கள் மண்டபத்தில் சரிந்து நின்ற கடதாசியை அடுப்புச் சரித்ததா, சோளகம் சரித்ததா, இரண்டும் கைமாறிய நேரம் எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நிகழ்ச்சி நடந்த இடத்தில் நான் இருந்தேன், மணிக்கூடும் குறிப்புப் புத்தகமும் கையில் இருந்தன. செய்தி எழுதச் சொன்னால் எழுத முடியாது.

வீட்டில் அடுத்த மூன்று நாட்கள் விசிறியைப் பற்றியே பேச்சு. விசிறியை விட்டுப் போனது நல்ல சகுனம், திரும்பி வருவா என்றார் அம்மா. தங்கை அதைத் தொடவில்லை. "எனக்கு விசர். வாயை வைச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னாள். நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. சரியாகச் செய்தாள் என்றும் சொல்லவில்லை. எது நடந்தது என்று தெரியாமல் எதைச் சொல்வது?

நான்காம் நாள் தரகர் வந்தார். "ஓம் எண்டிட்டினம்" என்றார். ஏன் என்று கேட்டேன். காத்தாலையோ, பிள்ளை உண்மை சொன்னதாலையோ? தரகர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். ஓம் என்று சொன்னவர்களிடம் ஏன் என்று கேட்கிறவன் உண்டா?

ஆவணியில் கலியாணம் நடந்தது. சோளகத்தில் பந்தல் ஓலைகள் இரண்டு முறை பறந்தன. மச்சானுக்கு ஐப்பசியில் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கிடைத்து, மண்கும்பானுக்கு வந்து குடியிருந்தார். மெலிந்த, மெதுவாகப் பேசும் மனிதர். மார்கழி பிறந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. வாடை வடக்கிலிருந்து, பரவைக் கடலைத் தாண்டி வந்து, வேலிகளை உலுக்கியது. தெற்கு யன்னல்களில் அசைவே இல்லை. மண்டபத்தில் நான் அவிழ்க்க மறந்த அந்தத் துண்டு, மஞ்சளாகி, நூலில் நேராகத் தொங்கியது. இப்போது மூச்சு இழுக்கும், இப்போது எங்களைக் கேட்பார் என்று ஒவ்வொரு ஞாயிறும் காத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு மாலை அவர் மண்டபத்தில் வடக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாயில் இருந்தார். அம்மா பக்கத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார்.

"மச்சான், உந்தச் சுவர் நீர் யோசிச்சுக் கட்டினதோ?"

நான் விளக்கம் சொல்லத் தயாரானேன். அவர் விடவில்லை.

"சுருவிலிலை எங்கடை வீட்டிலை வடக்கிலைதான் மூண்டு யன்னல். மார்கழி லீவிலை வந்தால் முழுக்க இழுப்பு. சாத்தினாலும் இடுக்காலை வரும். இந்த வருசம் இன்னும் ஒருநாளும் இழுக்கேல்லை."

"உங்களுக்குத் தொய்வு காத்தில்லாமல் வாறதெல்லோ?"

"ஆர் சொன்னது? காத்தாலைதான் வாறது. வாடைக் காத்தாலை."

"அப்ப ஏன் காத்தோட்டம் கேட்டு விட்டவை?"

அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார்.

"அது அக்கா கேட்டிருப்பா. அவவுக்குத்தான் எங்கை போனாலும் வேர்க்கிறது."

குசினிக்குள் தங்கை ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு. நீண்ட நேரம் சிரித்தாள். மச்சானுக்கு ஏன் என்று தெரியவில்லை. நான் வடக்குச் சுவரைப் பார்த்தேன். பெரியப்பாவோடு கோபம் இல்லாதிருந்தால் அங்கே யன்னல் இருந்திருக்கும். நான் படத்தைச் சரியாக விளங்கிக்கொண்டிருந்தால் அங்கே யன்னல் கேட்டு அம்மாவோடு சண்டை பிடித்திருப்பேன். இரண்டு பிழைகள் சேர்ந்து ஒரு மனிதனின் மூச்சைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. அதை யாருடைய கணக்கில் வைப்பது?

"யோசிச்சோ கட்டினது?" என்று மச்சான் மறுபடி கேட்டார்.

அம்மா பாக்குவெட்டியை நிறுத்தாமல், "நான்தான் சொன்னனான், அந்தப் பக்கம் யன்னல் வேண்டாமெண்டு" என்றார்.

அது உண்மை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒரே உண்மையும் அதுதான். தங்கை இரவுச் சோற்றுக்கு அடுப்பை மூட்டி, முற்றத்துக் கதவைச் சாத்தினாள். ஆட்டுக்காகச் சாத்தினாளா, வாடைக்காகச் சாத்தினாளா என்று நான் கேட்கவில்லை. மண்டபத்து நடுவில் கடதாசித் துண்டு மெல்லக் குசினிப் பக்கம் சரிந்தது. மச்சான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "எங்கையிருந்து காத்து வருது?" என்று கேட்டார்.